யாக்கிசோபா தின்ற மூன்று நாட்கள்

கண்ணிமைகள் வீங்கியிருந்ததைத்தான் முதலில் கவனித்தேன். கல்கத்தாவை நோக்கி வந்துகொண்டிருந்த சரக்குக் கப்பலில், சமையலறைச் சுவரில் தொங்கிய கையகலக் கண்ணாடியைப் பார்த்து முகம் மழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்களும் பாதி மூடினாற்போல் இருந்தன. மத்தியானத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் செருப்பு வார் பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்து, அரைமணி நேரம் ஆகியும் மேடாகவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று ஏட்டில் எழுதிவிட்டால் அடுத்த பயணத்துக்கு என்னை எடுக்கமாட்டார்கள். காற்சட்டையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு சமைத்துக்கொண்டே இருந்தேன்.

யாருக்காவது இப்படிக் காலையில் கண்ணும் மாலையில் காலும் வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போகட்டும். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கிய பிறகு, வியாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது என்று தெரிந்தது.

என் பெயர் முருகையா. சொந்த ஊர் சுரண்டை. இருபது வயதில் பம்பாய்க்குப் போய், கப்பல் சமையலறையில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, இரண்டாம் சமையல்காரன் ஆனவன். நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்கு முப்பத்து மூன்று வயது. கோமதியைக் கட்டி நான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்த நான்கு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது.

அந்தப் பயணத்தில் எங்கள் கப்பலின் இயந்திரம் ஜப்பானில் கோபே துறைமுகத்தில் பழுதாகி, நான்கு மாதம் பணிமனையில் கிடந்தது. கப்பல் சமையலறையைப் பூட்டிவிட்டார்கள். துறைமுகத்துக்குப் பின்னால், ரயில் பாலத்தின் அடியில் ஒரு பெண் கடை போட்டிருந்தாள். கதவு அகலத்துக்கு ஒரு இரும்புக் கல். அதில் பன்றிக்கொழுப்பை உருக்கி, முட்டைக்கோசையும் இறைச்சித் துண்டுகளையும் வதக்கி, வேகவைத்த கோதுமை மாவு இழைகளைப் போட்டுப் புரட்டுவாள். கடைசியில் ஒரு பாட்டிலிலிருந்து கறுப்புச் சாற்றை ஊற்றுவாள். சுர்ரென்று ஆவி எழும். அதன் பெயர் யாக்கிசோபா. மூட்டை தூக்குகிறவர்கள் நின்றபடியே அதைத் தின்றுவிட்டு வேலைக்குப் போவார்கள். நான்கு மாதமும் நான் இரண்டு வேளை அதைத்தான் தின்றேன். சமையல்காரன் கண்ணல்லவா, செய்முறையையும் பார்த்து வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அந்தச் சாறு இரண்டு பாட்டில் வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

கல்கத்தாவில் இறங்கி ஊருக்கு வந்து சேர்ந்தபோது என் முகத்தைப் பார்த்த கோமதி, "ஜப்பான்காரன் சாப்பாடு ஒங்களுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு, ஊதிட்டீய" என்று சிரித்தாள். அன்று ராத்திரி என் காலை அமுக்கிவிட்டவள், தன் விரல் பதிந்த குழிகளைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். மறுநாளே தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது நாகர்கோவில் பக்கத்து டாக்டரம்மா. நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் எங்கள் கண்முன்னாலேயே சூடாக்கினார். தெளிவாக இருந்த நீர் கொதிக்கக் கொதிக்க வெள்ளையாகித் திரண்டது. முட்டையை வேகவைத்தது போலவே இருந்தது.

"இது முட்டைல இருக்கிற அதே சத்துதான். புரோட்டீன். ரத்தத்துல இருக்கவேண்டியது" என்றார் டாக்டரம்மா. "சிறுநீரகம் ரெண்டும் சல்லடை மாதிரி. நல்ல சல்லடை சத்தை நிறுத்திக்கிட்டு அழுக்கை மட்டும் விடும். உங்க சல்லடையில ஓட்டை பெருசாயிருச்சு. சத்து வெளிய போகுது, தண்ணி உடம்புக்குள்ள தங்குது."

"ஜப்பான்ல கண்டதையும் தின்னதாலயா டாக்டரம்மா?" என்று கோமதி கேட்டாள்.

"இல்லம்மா. இது ஏன் வருதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. ஆனா வந்த பிறகு என்ன தின்னக்கூடாதுன்னு தெரியும். உப்பு. ஒரு கல் உப்புகூடக் கூடாது. உப்பு எங்க இருக்கோ அங்க தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும்."

அன்றே படுக்கை கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் என்று நினைத்துப் படுத்தேன். எழுந்து போக இரண்டரை மாதம் ஆயிற்று.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். கம்பிக்கு வெளியே ஒரு வேம்பு, அதைத் தாண்டி ரோடு. கழிப்பறைக்குப் போகத் தவிர இறங்கக் கூடாது. காலையில் எழுந்ததும் மூட்டையை நிறுப்பது போல் என்னைத் தராசில் நிறுத்தி எடையை அட்டையில் எழுதுவார்கள். நாள் முழுவதும் போகும் சிறுநீரை ஒரு பெரிய பாட்டிலில் பிடித்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர். அதை ஒரு செம்பில் ஊற்றி, என் தலைமாட்டில் நர்ஸ் வைத்துவிட்டுப் போவாள். காலையிலேயே குடித்துத் தீர்த்துவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் ஒன்றும் கிடையாது. வாரத்துக்கு இரண்டு முறை பாதரசம் கலந்த ஒரு ஊசி. அது நீரைக் கொஞ்சம் இறக்கும். இரண்டு நாளில் வீக்கம் திரும்பவும் ஏறிக்கொள்ளும்.

நான் படுத்த அந்த வாரத்தில் குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. ஜன்னல் வழியே சாரல் உள்ளே வந்தது. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் ஆட்கள் அருவிக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஊர் முழுக்கத் தண்ணீர் சொட்டியது. எனக்கு மூன்று டம்ளர். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையில் படிந்த சாரலை நக்கியிருக்கிறேன். பதிமூன்று வருஷம் கடலில் திரிந்தவன். ஆறடிக்கு மூன்றடிக் கட்டிலில் கையும் காலும் ஊதிப்போய், ரோட்டைப் பார்த்தபடி கிடந்தேன். இங்கிருந்து எழுந்து போகவே முடியாதோ என்ற நினைப்பு சாயங்காலம் ஆனால் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பக்கத்துக் கட்டிலில் இசக்கி அண்ணாச்சி. ராயகிரி விவசாயி. கிணற்றில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டி, முனையில் எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் என்னைவிடக் கெட்டியாகக் கட்டுப்பட்டிருந்தார். பேச்சு மட்டும் ஓயாது.

கோமதி குற்றாலத்தில் அவள் சித்தி வீட்டில் தங்கி, அங்கே சமைத்து, மத்தியானப் பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு வருவாள். உப்பில்லாத சோறு, உப்பில்லாத கூட்டு, உப்பில்லாத அவித்த முட்டை. முதல் நான்கு நாள் தின்றேன். பிறகு வாயில் வைத்தாலே குமட்டியது. கப்பலில் நாற்பது பேருக்குச் சமைத்து, நாக்கையே நம்பிப் பிழைத்தவன் நான். அந்த நாக்குக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"இன்னிக்கும் அப்படியே வச்சிருக்கீய. நாலு வாயாவது சாப்பிடுங்க" என்பாள் கோமதி. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவள் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போவாள். இருபது நாள் இப்படி நடந்தது.

டாக்டரம்மாவுக்கு நான் சாப்பிடாதது கவலையாக இருந்தது. சிறுநீரில் போகிற சத்தை வாய் வழியாகத்தான் ஈடுகட்ட வேண்டும், முட்டை வெள்ளைக்கரு தினமும் உள்ளே போக வேண்டும் என்றார். ஒருநாள் கட்டிலின் ஓரத்தில் நின்று, "உங்களுக்கு எதைப் பிடிக்கும்? அதைச் சொல்லுங்க, உப்பில்லாமச் செய்ய முடியுமான்னு பாப்போம்" என்று கேட்டார்.

நான் யாக்கிசோபாவைச் சொன்னேன். யாக்கி என்றால் வறுத்தது என்று அர்த்தமும் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து இசக்கி அண்ணாச்சி, "சோபாவயா? அது உக்காருததுக்குல்லாவே! அத எதுக்கு வறுக்கான்?" என்றார். வார்டே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அதுல என்னென்ன போடுறாங்க?" என்று அவர் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அங்கே அதைத் தின்றவர்கள் முதுகில் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடுவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"மூட்டை தூக்குறவங்களுக்கு அது சரிதான்" என்றார். "மாவு நிறைய, அது வேலை செய்யுறதுக்குப் பலம். கொழுப்பும் அப்படித்தான், தேவைக்கு மேலயே இருக்கும். கறி ரெண்டு துண்டு, அதனால புரோட்டீன் கொஞ்சந்தான். கோசுல விட்டமின், அதிகம் வதக்காம இருந்தா. நம்ம சேமியா உப்புமாவுல கோசும் கறியும் போட்ட மாதிரி. அதுக்கு மேல அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. கறிக்குப் பதிலா முட்டை வெள்ளைக்கரு போட்டா உங்களுக்கு நல்லதுதான். ருசிக்கு என்ன போடுறாங்க?"

அந்தக் கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"பழச்சாறு டாக்டரம்மா. பழமும் காயும் போட்டுக் காய்ச்சின சாறு" என்றேன்.

அது முழுப்பொய் இல்லை. அந்தப் பாட்டிலில் ஆப்பிள் உண்டு, தக்காளி உண்டு, வெங்காயம், வினிகர், சர்க்கரை எல்லாம் உண்டு. அத்தனையையும் தாங்கிக்கொண்டு உப்பு உண்டு. சமையல்காரனுக்கு அது தெரியாமல் இருக்குமா? "அப்ப செய்யச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று மத்தியானம் கோமதியிடம், சித்தி வீட்டில் கிடந்த என் பெட்டிக்குள் இருக்கும் பாட்டிலைச் சொன்னேன். சேமியாவை முக்கால் வேக்காட்டில் எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசு, கோசை நீளமாக நறுக்கு, நல்லெண்ணெயில் வதக்கு, கடைசியில் அந்தச் சாற்றைத் தாராளமாக ஊற்றிப் புரட்டு என்றேன்.

"அதுல உப்பு கெடக்காதா?" என்றாள்.

"பழச்சாறு கோமதி. டாக்டரம்மாட்டயே கேட்டாச்சு. செய்யச் சொல்லிட்டாவ."

பாட்டிலின் மேலே ஒட்டியிருந்தது ஜப்பான் எழுத்து. அவளால் படிக்க முடியாது. என்னாலும்தான். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள்.

அந்த வாரம்தான் மதுரையிலிருந்து எனக்கான மாத்திரை வந்தது. பிரெட்னிசோலோன். அப்போது புதிது. தென்காசியில் கிடைக்காது. டாக்டரம்மா தனக்குத் தெரிந்தவருக்குக் கடிதம் எழுதி வரவழைத்திருந்தார். சல்லடை ஓட்டையை அது சுருக்கும் என்றார். "கேட்டா நல்லா கேக்கும், கேக்காட்டி கேக்காது. இந்த மாத்திரை சாப்பிடும்போது உப்பு சேர்ந்துச்சுன்னா ஆபத்து, ஞாபகம் வச்சுக்கோங்க."

திங்கட்கிழமை காலை மாத்திரை. மத்தியானம் கோமதி தூக்குச்சட்டியைத் திறந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சட்டியை வழித்துத் தின்றேன். கோமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நாளில் முதல் முறையாக வெறும் சட்டியோடு பஸ் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமையும் கொண்டுவந்தாள். புதன்கிழமையும் கொண்டுவந்தாள்.

தாகம் முதல் நாளே தொடங்கிவிட்டது. மூன்று டம்ளரும் சாயங்காலத்துக்குள் தீர்ந்தது. இசக்கி அண்ணாச்சியின் கட்டிலுக்குக் கீழே அவருடைய கூஜா இருந்தது. "அண்ணாச்சி, ஒரு வாய்" என்றேன். "டாக்டரம்மா என்ன கொன்னு போட்ரும்வே" என்றார். அவர் கண்ணசந்த நேரத்தில் எடுத்துக் குடித்தேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தவரால் எட்டிப் பார்க்கவும் முடியாது. அடுத்த நாள் கழிப்பறைக்குப் போகும் சாக்கில் குழாயில் வாயை வைத்தேன். குடிக்கக் குடிக்க நாக்கு வறண்டது.

காலை எடை ஏறியது. செவ்வாய் ஏறியது, புதன் இன்னும் ஏறியது. டாக்டரம்மா அட்டையை இரண்டு தடவை பார்த்தார். தராசு சரியா என்று நர்ஸை ஏறி நிற்கச் சொல்லிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, பார்வையாளர்கள் வரும் நேரத்தில், மூச்சு முட்டியது. படுத்தால் தண்ணீருக்குள் முக்கியது போல் இருந்தது. எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தும் காற்று கிடைக்கவில்லை. இருமினால் நுரை வந்தது, இளஞ்சிவப்பாக. உடம்பில் சேர்ந்த தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது என்று பிற்பாடு விளக்கினார்கள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: பதிமூன்று வருஷம் கடலில் மூழ்காதவன் தென்காசியில், கட்டிலில் மூழ்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஊசி போட்டார்கள். ரப்பர்க் குழாய்களை எடுத்து என் இரண்டு தொடையிலும் ஒரு கையிலும் இறுக்கிக் கட்டினார்கள். கால் மணிக்கு ஒருதரம் ஒன்றை அவிழ்த்து, கட்டாமல் விட்டிருந்த கையிலோ காலிலோ மாற்றிக் கட்டினார்கள். நெஞ்சுக்குத் திரும்பும் ரத்தத்தைக் கைகால்களிலேயே கொஞ்சம் தேக்கி வைத்தால் நுரையீரலின் பாரம் குறையும், அதற்காக. கைகால்கள் நீலமாகிக் கனத்தன. முகத்தில் மூடி, உடம்பில் கட்டு, அசைய முடியவில்லை, பேச முடியவில்லை. கோமதி கட்டிலின் கால்மாட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இசக்கி அண்ணாச்சி, "முருகா, முருகா" என்று திருமலைக்கோவில் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் மூச்சு கொஞ்சம் திரும்பியது.

மறுநாள் காலை தகவல் போய்ச் சுரண்டையிலிருந்து என் அக்கா சண்முகத்தாய் வந்து இறங்கினாள். அம்மா இல்லாத என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். டாக்டரம்மா கோமதியை வராந்தாவில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது.

"என்னம்மா சமைச்சுக் கொடுத்தீங்க?"

"சேமியா, கோசு, முட்டை வெள்ளக்கரு."

"உப்பு?"

"நான் உப்பு போடல டாக்டரம்மா."

பாட்டிலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பழச்சாறு என்றே நம்பிவிட்டாள், அதில்தான் வினை இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை என்று நான் நினைத்தேன்.

அக்காவால் தாங்க முடியவில்லை. "ஏட்டி, பொய் சொல்லாத! எந்தக் கையால உப்ப அள்ளிப் போட்ட? என் தம்பியக் கொல்லப் பாத்தியேட்டி!" என்று வராந்தா அதிரக் கத்தினாள். தூக்குச்சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். இனிமேல் சாப்பாடு தான் கொண்டுவருவதாகவும், கோமதி வார்டுக்குள் கால் வைக்கக் கூடாதென்றும் சொன்னாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் திறக்க முடியவில்லை. இரண்டாம் நாள் திறக்க முடிந்தது, திறக்கவில்லை. பொய் சொன்னவனுக்கு இந்த மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பார்களா? பத்தியத்தை மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். திரும்பக் கப்பல் ஏற அவர் கையெழுத்து வேண்டும். இப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அக்கா முன்னால் தலை குனிய வேண்டுமே என்ற வெட்கம்தான் உண்மைக் காரணம்.

கோமதி வராந்தாவில் தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். கட்டிலிலிருந்து பார்த்தால் அவள் சேலைத் தலைப்பு மட்டும் தெரியும். சாரல் அடித்தால் அது நனையும். காலையில் வருவாள், கடைசிப் பஸ் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள், போவாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் இசக்கி அண்ணாச்சி கூரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "எனக்குக் கால்தான்வே ஒடிஞ்சிருக்கு. காது நல்லாத்தான் கேக்குது. பழச்சாறுன்னு நீரு அந்தப் பிள்ளைட்டச் சொன்னது எனக்குக் கேட்டுது."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் சொல்லமாட்டேன். அது நீரு சொல்ல வேண்டியது."

சனிக்கிழமை காலை டாக்டரம்மா வந்தார். அக்கா கட்டிலருகே நின்றாள். டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் அக்காவிடம் பேசினார்.

"மாத்திரை ஆரம்பிச்ச அன்னிலேருந்து எடை ஏறியிருக்கு. இந்த மருந்து இவருக்கு ஒத்துக்கலை. இன்னியோட நிறுத்திடுறேன். இதைவிட்டா என்கிட்ட வேற மருந்து இல்லம்மா. வேணும்னா மதுரைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க."

அக்கா அழுதாள். "எல்லாம் அவ கைராசி. நாளைக்கே அவள அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிருதேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பொய் என்னைக் காப்பாற்றவில்லை. எனக்கு இருந்த ஒரே மருந்தையும் அது என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, மாத்திரைய நிறுத்தாதீங்க" என்றேன். "மாத்திரைல கொறையில்ல. நான் உப்பு தின்னேன். மூணு நாளும் தின்னேன். ஜப்பான்லேருந்து கொண்டாந்த பாட்டில்ல இருக்க சாறு பூரா உப்பு. எனக்குத் தெரியும். கோமதிக்குத் தெரியாது, நான்தான் பழச்சாறுன்னு சொல்லி அவள ஏமாத்தினேன். தண்ணியும் திருடிக் குடிச்சேன்."

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"அந்த பாட்டில் எங்க?" என்றார் டாக்டரம்மா.

"வீட்ல" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், கோமதி வாசலில் வந்து நின்றாள். தன் மஞ்சப்பைக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அது எப்படி இன்றைக்கு அவள் பைக்குள் இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது யோசிக்கத் தெம்பில்லை.

டாக்டரம்மா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் கேட்டேன்ல? இப்ப முழுசாச் சொல்லுங்க. ஒரு தடவைக்கு எவ்வளவு ஊத்துவீங்க?"

சொன்னேன். கையால் அளவு காட்டினேன். கோபேயில் இரண்டு வேளையும் தின்றதைச் சொன்னேன்.

"நல்ல உடம்புக்காரன் இந்த உப்புல பாதியை வேர்வையில வெளிய தள்ளிருவான். மூட்டை தூக்குறவன் தாங்குவான். ஓட்டைச் சிறுநீரகம் எப்படித் தாங்கும்?" என்றார். "முருகையா, அந்தச் சாப்பாடு உங்களுக்கு எதிரி இல்ல. சேமியா இருக்கட்டும், கோசு இருக்கட்டும், வெள்ளைக்கரு ரெண்டுக்கு நாலாப் போடட்டும். இந்த பாட்டில் மட்டும் வேண்டாம். எலுமிச்சம்பழம் பிழியட்டும், இஞ்சி, பூண்டு, மிளகு போடட்டும். மூணு நாள் நீங்க சட்டியை வழிச்சுத் தின்னதா நர்ஸ் சொன்னா. அந்தப் பசியை நான் விடமாட்டேன்."

மாத்திரையை நிறுத்தவில்லை. போகும்போது வாசலில் நின்று கோமதியைப் பார்த்து, "நீங்க உள்ள வாங்கம்மா" என்றார்.

அக்கா வெளியே போனாள். சற்று நேரம் கழித்துத் தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துவந்து கோமதியின் கையில் கொடுத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் அவளுக்குத் தெரியாது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயி ஒலை வையி" என்று மட்டும் சொன்னாள். என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள் தொட்டு சிறுநீர் பாட்டில் நிறைய ஆரம்பித்தது. ஒரே நாளில் இரண்டு பாட்டில். எடை இறங்கிக்கொண்டே வந்தது. கணுக்கால் எலும்பைப் பார்த்தபோது பழைய ஆளைப் பார்த்தது போல் இருந்தது. டாக்டரம்மா கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து என் கட்டிலருகிலேயே சூடாக்கிக் காட்டினார். கொதித்தது, கொஞ்சம் மங்கியது, திரளவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் மங்கவும் இல்லை.

மாத்திரை என் முகத்தை நிலா போல உருண்டையாக்கியிருந்தது. அது தானாக இறங்கும் என்றார்கள், இறங்கியது. கப்பலுக்கான கையெழுத்தை மட்டும் டாக்டரம்மா போடவில்லை. "திரும்ப வரலாம். நடுக்கடல்ல வந்தா யார் பாப்பா? ரெண்டு வருஷம் கழிச்சுக் கேளுங்க" என்றார். நான் பிறகு கேட்கவே இல்லை. தென்காசியில் ஒரு மெஸ் தொடங்கினேன். அது வேறு கதை.

இசக்கி அண்ணாச்சிக்கு நான் வீடு திரும்புவதற்கு முந்தின வாரமே கட்டவிழ்த்துவிட்டார்கள். இரண்டு கோல்களை ஊன்றிக்கொண்டு, "சோபா, வாறேன்வே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் கோமதியும் சித்தி வீட்டுக்குக் குற்றாலம் பஸ் ஏறினோம். இரண்டரை மாதத்துக்குப் பிறகு ஜன்னலில் கம்பியில்லாமல் வெளியே பார்க்கிறேன். சீசன் ஓயும் நேரம், பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஏதோ மனசு லேசாகி, அந்தச் சனிக்கிழமை பாட்டில் எப்படி அவள் பையில் இருந்தது என்று கேட்டேன்.

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு டாக்டரம்மாட்டச் சொல்லிரணும்னுதான் எடுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீய."

"என்னத்தச் சொல்ல?"

"அது உப்புன்னு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சமைக்கவ ருசி பாக்கமாட்டாளா? மொத நாளே வெரல்ல தொட்டுப் பாத்தேன். உப்புன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் ஊத்துனேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"இருவது நாளா நெறைஞ்ச சட்டியத் தூக்கிட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ல எல்லாரும் குளிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டு வருவாவ. நான் நீங்க தின்னாத சோத்த மடில வச்சுக்கிட்டு வருவேன். ஒருநாள் தின்னா என்ன ஆயிரும்னு நெனச்சேன். அப்புறம் அடுத்த நாளும் அப்படியே நெனச்சேன். நீங்க மட்டும் பொய் சொல்லல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆனா நான் பாட்டில்ல என்ன இருக்குன்னு தெரியாதவளுன்னு நெனச்சீய பாருங்க, அதுதான் எனக்கு ஆறல."

அக்காவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அக்கா இருந்தவரைக்கும் நாங்கள் சொல்லவில்லை. அக்கா போன பிறகு, இதை எழுதப்போகிறேன், உன் பேரையும் எழுதட்டுமா என்று கோமதியிடம் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எழுதுங்க. ஆனா சரியா எழுதுங்க. நான் ருசி பாத்தது ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

"ரெண்டாவது எதுக்கு?"

"மொத தடவ உப்பான்னு பாக்க" என்றாள். தண்ணீரை வடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ரெண்டாவது தடவ, நல்லாருந்துச்சு."